திறப்பு யார் கையில்?

யாழ்ப்பாணத்தின் எங்கள் தீவுப்பக்கத்தில் ஓட்டப்போட்டி என்றால் முதலில் ஞாபகம் வருவது மாட்டு வண்டிச் சவாரிதான். மாட்டுக்குத் தீனி வைப்பது, குளிப்பாட்டுவது, சாணி அள்ளுவது, அது சுகமில்லாமல் படுத்துவிட்டால் இராத்திரி முழுக்க விழித்திருப்பது, இந்த வேலைகளில் பாதிக்கு மேல் வீட்டுப் பெண்களின் தலையில்தான் விழும். சவாரி நாளன்று வண்டியில் ஏறுவது மட்டும் ஆம்பிளை. அதில் என்ன பிழை என்று அந்த நாளில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "மாடு பொம்பிளைக்கு அடங்காது" என்று யாராவது ஒரு பெரியவர் சொல்லியிருப்பார். அன்று விடிய அதே மாட்டை அவிழ்த்துக் கட்டினது தன் பெண்சாதிதான் என்பது அவருக்கு ஞாபகம் வந்திராது.

மாடு போய் மோட்டார் வந்தது. பெரியவரின் பேச்சு மட்டும் மாறவில்லை. மாடு என்று சொன்ன இடத்தில் எஞ்சின் என்று சொன்னார், அவ்வளவுதான்.

எங்கள் காரைநகர்ச் சனம் இலங்கை முழுக்கக் கடை வைத்த சனம். நானும் மீசை அரும்புகிற வயதில் கொழும்புக்கு ஒரு சொந்தக்காரர் கடைக்கு அனுப்பப்பட்டேன். தராசு பிடிக்கத்தான் அனுப்பினார்கள். மனம் தராசில் நிற்கவில்லை, அடுத்த ஒழுங்கையில் இருந்த கராஜுக்குப் போய்விட்டது. பிறகு ஆளும் அங்கேயே போய்ச் சேர்ந்தேன். அந்தக் கராஜ்காரர்கள் சித்திரை மாதத்தில் நுவரெலியாவுக்குப் போவார்கள். அங்கே மஹகஸ்தொட்ட என்ற இடத்தில், மலைப்பாதையில் ஒவ்வொரு வாகனமாக ஏறவிட்டு நேரம் பார்க்கிற போட்டி 1934 இல் இருந்தே நடக்கிறது. ஒரு முறை என்னையும் லொறியின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். குளிரில் பல்லுக் கிட்டினபடி, பனிக்குள் இருந்து சத்தம் மட்டும் முதலில் வந்து, பிறகு கார் வருவதைப் பார்த்தேன். திரும்பி வந்த பிறகு நானே ஒரு றேஸ்காரன் ஆகிவிட்டேன். கராஜில் திருத்த வந்த பி.எஸ்.ஏ. மோட்டச் சைக்கிளை "ஓடிப் பார்க்கிறன்" என்று எடுத்துக்கொண்டு, தலைக்கு எண்ணெய் பூசி, கழுத்தில் லேஞ்சி கட்டி, கறுப்புக் கண்ணாடியும் போட்டுக் காலி வீதியால் போவேன். முழுத் தெருவும் என்னைத்தான் பார்க்கிறது என்ற எண்ணம். சைலன்சர் ஓட்டை என்பதால்தான் பார்த்தார்கள் என்பது பிறகுதான் விளங்கியது.

அந்த வயதில் எனக்கு ஓட்டம் என்றால் சத்தம். சத்தம் குறைந்த ஓட்டத்தைக் காட்டித் தந்தவர் ஒரு பெண். அதுவும் றேஸ் திடலில் அல்ல, மண்ணெண்ணெய்க் காலத்தில்.

இளம் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தைச் சொன்னால் கதை விடுகிறேன் என்று நினைப்பார்கள். 1990 களின் முற்பகுதி. காரைநகரை விட்டு இடம்பெயர்ந்து மானிப்பாய்ப் பக்கம் ஒரு கொட்டிலில் கராஜ் போட்டிருந்தேன். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் பெற்றோல் இல்லை. கறுப்பில் கிடைப்பதும் மருந்துப் போத்தல் கணக்கில்தான். எல்லா வாகனமும் மண்ணெண்ணெயில் ஓடியது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகவே முதலில் ஊசி போடுகிற சிறிஞ்சால் இரண்டு துளி பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டுக் கிளப்ப வேண்டும். எஞ்சின் சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். இடைவழியில் நின்றுவிட்டால் திரும்பவும் அந்த இரண்டு துளி வேண்டும். அதோடு தட்டுகிற சத்தம், கரி பிடித்த பிளக், மண்ணெண்ணெய் கலந்து தண்ணீராகிப் போகிற எஞ்சின் ஒயில். மொத்தத்தில், காது கூர்மையாக இல்லாதவன் அந்த நாளில் கார் ஓடவே முடியாது.

ஒரு ஹயர் கார்க்காரரின் மனைவி ஒருநாள் கொட்டிலுக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். "அண்ணை, இவருக்கு நெருப்புக்காய்ச்சல். கார் ஓடாட்டில் அடுப்பெரியாது. எனக்கு ஒருக்காப் பழக்கி விடுங்கோ" என்றார். கொட்டிலில் நின்ற பெடியள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பழக்கமில்லாததைக் கண்டால் வருகிற சிரிப்பு. "தங்கச்சி, நாளைக்குக் காரைக் கொண்டுவாங்கோ" என்றேன். தள்ளிக்கொண்டுதான் கொண்டுவந்தார், ஏ-40 ஒஸ்டின். அண்ணன் தம்பி இரண்டு பேர் பின்னால் தள்ள, அவர் ஸ்டியறிங்கைப் பிடித்திருந்தார்.

முதல் பாடம் தெருவில் இல்லை. கொட்டிலுக்குள் காரை நிறுத்தி, பொனற்றைத் திறந்து வைத்து, எஞ்சினைக் கேட்கச் சொன்னேன். சூடேறாதபோது எப்படிச் சத்தம், ஏறினபின் எப்படி, மூச்சுத் திணறினால் எப்படி என்று. அடுத்தது கிளச். ஆம்பிளைகள் பொதுவாக அக்சிலேற்றரை மிதித்துக் கிளச்சை விடுவார்கள். அவர் கிளச்சை நூல் இழுப்பதுபோல விட்டார். ஏன் என்று பிறகுதான் யோசித்தேன். எஞ்சின் நின்றால் பெற்றோல் வேண்டும், பெற்றோல் என்றால் காசு, காசு என்றால் பிள்ளைகளின் அரிசி. அந்தக் கணக்கு அவருடைய இடது காலுக்குத் தெரிந்திருந்தது. சில வாரத்தில் மானிப்பாய் ஆசுபத்திரிக்கு இரவில் ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற அளவுக்கு ஓடினார். நிறைமாதப் பெண்கள் இருந்த வீடுகள் அந்தக் காரைத்தான் தேடின. பள்ளம் திட்டி பார்த்து, ஒரு குலுக்கல் இல்லாமல் கொண்டுபோவார் என்று பெயர். சிரித்த பெடியளில் ஒருவன் தன் தமக்கையை அந்தக் காரில்தான் பிள்ளைப்பேற்றுக்கு அனுப்பினான்.

புருஷன் எழும்பி நடக்கத் தொடங்கியதும் திறப்பு திரும்ப அவர் கைக்குப் போனது. அந்தப் பெண் பிறகு ஸ்டியறிங் பிடித்ததாக நான் காணவில்லை. இப்போது தொலைக்காட்சியில் கார் ஓட்டப்போட்டி பார்க்கும்போது, வளைவுக்குள் போகிறவர் எஞ்சினை வதைக்காமல் வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு வெளியே வருவதைக் கண்டால், எனக்கு அந்த ஏ-40 தான் ஞாபகம் வருகிறது. அவர் றேஸ் ஓடியிருப்பார் என்று சொல்லவில்லை. ஓடலாமா என்று யோசிக்கிற இடம்கூட அவருக்கு இருக்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

காபரேட்டர்க் கதை வந்துவிட்டதால் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற ஆங்கிலேயப் பெண்ணைச் சொல்லாமல் போக என் தொழில் விடாது. 1909 இல் பிறந்தவர். பதினாலு வயதில் சொந்தமாக மோட்டச் சைக்கிள் வாங்கி, அதைக் கழற்றிப் பூட்டியவர். மாகரெட் பாட்றிட்ஜ் என்ற பெண் மின்பொறியியலாளர் அவரைத் தன்னிடம் வேலை பழக எடுத்தார், பல்கலைக்கழகத்துக்குப் போகும்படியும் தூண்டினார். 1934 இல் புறூக்லண்ட்ஸ் ஓட்டத் திடலில் நோட்டன் மோட்டச் சைக்கிளில் ஒரு சுற்றை முடித்து, மணிக்கு நூறு மைல் சராசரியைத் தாண்டியவர்களுக்கு மட்டும் கொடுக்கிற தங்க நட்சத்திரத்தை வாங்கினார். தன்னைக் கட்ட வந்தவரிடம், "நீரும் அந்த நட்சத்திரத்தை வாங்கிக்கொண்டு வாரும்" என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அவரும் வாங்கித்தான் இருந்தார்.

ஆனால் என்னைப்போன்ற மெக்கானிக்குக்கு அவர் பெரிய ஆள் ஆனது அதனால் அல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் சண்டை விமானங்களின் மேர்லின் எஞ்சின், விமானம் மூக்கைக் குத்திச் சடாரென்று கீழிறங்கினால் ஒரு கணம் மூச்சை விட்டுவிடும். காபரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் இருக்கிற எண்ணெய் மேலே எழும்பி, முதலில் எஞ்சின் பட்டினி கிடக்கும், பிறகு மூழ்கிப்போகும். எதிரியின் எஞ்சினுக்கு எண்ணெய் நேரடியாகப் பீச்சப்பட்டதால் அந்தத் தொல்லை இல்லை. 1941 இல் ஷில்லிங் செய்தது, நடுவில் துளை வைத்த ஒரு சிறு பித்தளைத் துண்டு. எஞ்சினுக்குத் தேவையான அளவுக்கு மேல் எண்ணெய் பாயாமல் அது தடுத்தது. விமானத்தைக் கழற்றிப் பிரிக்காமலே பூட்டலாம். அவரும் ஒரு சிறு குழுவும் தளம் தளமாகப் போய்ப் பூட்டிவிட்டார்கள். றேஸ் ஓடின கைக்கு எஞ்சினின் வருத்தம் தெரியும். நான் சிறிஞ்சால் துளித்துளியாகப் பெற்றோல் விட்ட காலத்தில் இந்தக் கதை எனக்குத் தெரிந்திருந்தால், சிரித்த பெடியளுக்குச் சொல்லியிருப்பேன்.

இன்னொரு பெண்ணையும் சொல்ல வேண்டும். பிரான்சில் கிறாஸ் என்ற ஊர் இருக்கிறது, வாசனைத் தைலத்துக்குப் பேர்போன ஊர். அங்கே பூந்தோட்டக்காரர் ஒருவரின் மகள் மிஷேல் மூட்டோன். முதலில் மற்றவர் ஓட்டப் பக்கத்தில் இருந்து வழி வாசித்துச் சொல்கிற வேலைதான் செய்தார். தகப்பன் பார்த்தார். மகள் காருக்குள் இருக்கத்தான் போகிறாள் என்றால் ஸ்டியறிங் அவள் கையில் இருப்பதே நல்லது என்று நினைத்து, ஓர் அல்பைன் கார் வாங்கித் தந்து, ஒரு பருவத்துச் செலவையும் ஏற்றார். அதற்குள் கெட்டித்தனத்தைக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. 1981 இல் இத்தாலியின் சான்றெமோ றலியில் அவுடி குவாட்றோவில் மூட்டோன் வென்றார். உலக றலிச் சம்பியன் போட்டியின் ஒரு சுற்றில் பெண் ஒருவர் வென்றது அதுவே முதல் தடவை. வழி சொல்லப் பக்கத்தில் இருந்தவரும் பெண்தான், ஃபப்றிசியா பொன்ஸ். அடுத்த வருசம் போத்துக்கல், கிறீஸ், பிறேசில் என்று மூன்று வெற்றி. உலகப் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, ஐவரி கோஸ்ற் றலி தொடங்குகிற வேளையில் தகப்பன் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. தாய் "ஓடு" என்றார். ஓடினார், முன்னணியிலும் நின்றார். கியர்ப்பெட்டி கோளாறு, பிறகு கார் புரண்டது. பட்டம் வால்ற்றர் றோளுக்குப் போக, அவர் இரண்டாம் இடம். பின்னாளில் உலக மோட்டார்ச் சம்மேளனம் பெண்களுக்கென்று ஓர் ஆணையம் அமைத்தபோது அதன் தலைவியாக இருந்தவரும் அவரே.

வயதான தகப்பன் என்ற முறையில் அந்தப் பூந்தோட்டக்காரரைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். "கெட்டிக்காரி, வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்ப் படுத்திருக்கலாம். எங்களூரில் ஊக்கம் என்பது பெரும்பாலும் அதுதான். மேடை, மாலை, கைதட்டல். காரும் காசும் ஒரு பருவத்துக் காலமும் கொடுப்பது வேறு.

தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு தகப்பனைக் காணலாம். சென்னையின் அலிசா அப்துல்லாவின் தகப்பன் ஆர்.ஏ. அப்துல்லா மோட்டச் சைக்கிள் ஓட்டத்தில் பலமுறை தேசியச் சம்பியன். பிள்ளை ஒன்பது வயதில் கோ-கார்ட் என்ற சின்னக் காரில் ஏறியது. பிறகு ஆண்களோடு மோட்டச் சைக்கிளும் காரும் ஓடி, இந்தியாவின் முதல் பெண் தேசிய ஓட்டச் சம்பியன் என்று பெயர் வாங்கினார். இப்போது பெண்களுக்கென்றே பயிற்சிக்கூடம் வைத்திருக்கிறார். சென்னைக்கு ஒரு வசதி இருந்தது. போர்க்காலத்து விமான ஓடுபாதையான சோழவரத்தில் பல பத்தாண்டு ஓட்டப்போட்டி நடந்தது, 1990 இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான திடலும் வந்தது. எங்கள் தெற்கில் களுத்துறைப் பக்கத்துக் கட்டுக்குருந்தையும் அப்படி விமானங்கள் விட்டுப்போன இடம்தான். போர் விட்டுப்போனதில் உருப்படியாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால் இதைச் சொல்லலாம். எங்கள் போர் அதைக்கூட விட்டுப்போகவில்லை.

தகப்பன் றேஸ்காரனாக இருந்தால்தான் ஆகும் என்றும் இல்லை. பெங்களூரின் ஐஸ்வர்யா பிசே றேஸ் வீட்டுப் பிள்ளை அல்ல. மோட்டச் சைக்கிளில் ஊர் சுற்றத் தொடங்கி, போட்டிக்கு வந்து, ரி.வி.எஸ். அணிக்கு ஓடினார். 2018 இல் ஸ்பெயினில் விழுந்து கடும் காயம். 2019 இல் பாஹா என்ற காட்டுவழி ஓட்டங்களின் உலகக் கிண்ணத்தைப் பெண்கள் பிரிவில் வென்றார். மோட்டார் ஓட்டத்தில் உலகப் பட்டம் வாங்கிய முதல் இந்தியர் அவர். முதல் இந்தியப் பெண் அல்ல, முதல் இந்தியர்.

"விழுந்துபோகும் பிள்ளை" என்று தாய்மார் பயப்படுவதை நான் ஒருநாளும் பகிடி பண்ணமாட்டேன். விழத்தான் செய்வார்கள். 1975 இல் ஸ்பெயினின் மொன்யூயிக் வீதித் திடலில் லெல்லா லொம்பார்டி ஆறாவதாக வந்து அரைப் புள்ளி எடுத்தார். ஃபோர்மியூலா ஒன் உலகச் சம்பியன் போட்டியில் ஒரு பெண் எடுத்த ஒரே புள்ளி இன்றுவரை அதுதான். ஏன் அரை? முன்னால் போன ஒரு காரின் பின்சிறகு முறிந்து, கார் தடுப்பைத் தாண்டி விழுந்து பார்வையாளர் சிலர் இறந்துபோக, ஓட்டம் பாதியில் நிறுத்தப்பட்டது. தடுப்பு வேலிகள் சரியாகப் பூட்டப்படவில்லை என்று ஓட்டக்காரர்கள் ஏற்கனவே சண்டை பிடித்திருந்தார்கள். எங்கள் நாட்டில், 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போட்டியில் ஒரு கார் சனத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒரு சிறுமியும் இருந்தாள். அவள் பார்க்க வந்தவள். ஆகவே ஆபத்துக்குக் காரணம் ஓடுகிறவர் ஆணா பெண்ணா என்பது அல்ல. வேலி எங்கே நிற்கிறது, அதைப் பூட்டினவன் யார், ஓட்டத்தை நிறுத்தச் சொல்லக் கூடியவன் யார் என்பதுதான். பொன்னாலைத் தாம்போதியிலும் கல்லுண்டாய் வெளியிலும் பின்னேரத்தில் மோட்டச் சைக்கிளின் முன்சில்லைத் தூக்கிக்கொண்டு போகிற எங்கள் பெடியளுக்கு வேலியும் இல்லை, நிறுத்தச் சொல்ல ஆளும் இல்லை. அதைத் தகப்பன்மார் பெருமையாகப் பார்க்கிறார்கள். தங்கச்சி ஸ்கூட்டியில் ரியூசனுக்குப் போனால் மட்டும் தெருமுனை வரைக்கும் வந்து பார்க்கிறார்கள்.

பெண்களுக்குத் தனிப் போட்டி வைக்கலாமோ என்று கேட்கிறார்கள். உலகத்திலும் அந்த வாதம் நடக்கிறது. 2019 இல் டபிள்யூ சீரிஸ் என்று பெண்களுக்கு மட்டும் ஒரு தொடர் தொடங்கினார்கள். ஜேமி சட்விக் என்ற பெண் மூன்று முறை வென்றார். பிறகு காசு முடிந்து தொடர் நின்றது. 2023 இல் எஃப் ஒன் அகடமி வந்தது. ஆண்களோடு சரிக்குச் சரி ஓடக்கூடிய விளையாட்டில் எதற்குத் தனி வகுப்பு என்று சில பெண் ஓட்டக்காரர்களே கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் ஞாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் பெண்கள் பாடசாலையில் படித்துவிட்டு, உயர்தரச் சோதனையை எல்லோரும் எழுதுகிற அதே தாளில்தான் எழுதினார்கள். தனி வகுப்பு பழகுவதற்கு, சோதனை பொது. அப்படி வைத்தால் எனக்குச் சம்மதம். தனி வகுப்பே முடிவாகிவிட்டால், அது ஊர் விளையாட்டுப் போட்டியில் பெண்களுக்கு மெதுச் சைக்கிள் ஓட்டம் வைப்பது போலத்தான். பரிசாக ஒரு சோப்புப் பெட்டியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

ஓட்டக்காரி ஆவது ஒன்றுதான் வாசல் என்றும் நினைக்க வேண்டாம். றெட் புல் அணிக்கு எந்தச் சுற்றில் ரயர் மாற்றுவது என்று கணக்குப் போட்டுச் சொல்கிற ஹனா சிமிட்ஸ் ஒரு பெண். 2025 இல் ஹாஸ் அணியில் லோறா முல்லர், ஃபோர்மியூலா ஒன்னின் முதல் முழுநேரப் பெண் ஓட்டப் பொறியியலாளராக நியமிக்கப்பட்டார். கார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஓட்டக்காரனின் காதில் பேசுகிற ஆள் அவர்தான். என் கொட்டிலில் பொனற்றுக்கு மேலே குனிந்து எஞ்சினைக் கேட்டுக்கொண்டு நின்ற பெண்ணுக்கு இப்படியும் ஒரு வேலை உலகத்தில் உண்டு என்று சொல்ல அன்றைக்கு ஒருவரும் இல்லை.

போன மாதம் வலந்தலைச் சந்திக் கடையில் ஒரு தகப்பன் என்னைப் பிடித்தார். மகள் உயர்தரம் எழுதிவிட்டாள், கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் படிக்கப் போறன் என்று நிற்கிறாளாம்.

"ஐயா, நீங்கள் கராஜ் வைச்சிருந்த ஆள். பொம்பிளைப் பிள்ளைக்குச் சரிவருமே?"

"பிள்ளை என்ன சொல்லுது?"

"அவள் விண்ணப்பத்தை நிரப்பிப்போட்டு என்ரை கையெழுத்துக்குத்தான் நிக்கிறாள்."

"உம்மடை கையெழுத்து வடிவான கையெழுத்தோ?"

அவர் சிரித்தார். பிறகு தங்குமிடம், சாப்பாடு, பஸ், கூடப் படிக்கிற பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். தகப்பன் கேட்க வேண்டிய கேள்விகள்தான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு நேரில் போய்ப் பார்த்துவரச் சொன்னேன். கடைசியாக, வீட்டில் நிற்கிற பழைய ஹொண்டா ஃபிஃப்டி மூன்று வருசமாகக் கிளம்பவில்லை, படிக்கப் போக முதல் அவள் அதைக் கழற்றிப் பார்க்கட்டுமோ என்று கேட்டார். கழற்றட்டும், பூட்டேக்கை மிஞ்சுகிற ஆணிகளை மட்டும் ஒரு பேணியில் போட்டு வைக்கச் சொல்லும், நான் ஞாயிற்றுக்கிழமை வாறன் என்றேன்.